தேசிங்கின் ராணிக்கு இரவல் குரல் இல்லை

"செஞ்சியைப் பத்தி ஏதாவது எழுதுப்பா, சரித்திரமா இருக்கட்டும்" என்று மலர்க் குழு நண்பர் போன் செய்தபோது எனக்குக் கொஞ்சம் உதறல்தான். கோட்டையைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் பழைய மாணவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதுவும் 2025-ல் யுனெஸ்கோ நம் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு, மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான் என்று டீக்கடையில்கூடச் சொல்கிறார்கள். ராஜகிரியின் உயரத்தையும் கல்யாண மகாலின் அடுக்குகளையும் வேறு யாராவது எழுதட்டும். நான் எழுத நினைத்தது செஞ்சியின் ராணியாக நடித்த ஒரு பெண்மணியைப் பற்றி. அவர் இந்த ஊர்க்காரர் இல்லை, தமிழ்நாட்டில் பிறந்தவரும் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அவர்தான் செஞ்சி ராணி.

காரணம் என் பாட்டி. 1960-ல் 'ராஜா தேசிங்கு' படம் வந்தபோது பாட்டிக்குப் பதினைந்து வயது. டெண்டுக் கொட்டகையில், மணலில் உட்கார்ந்து பார்த்தது. "எம்.ஜி.ஆரு குதிரையில வந்தாரு. அதெல்லாம் சரி. பானுமதி பாடினா பாரு, அது அவ குரலுடா. வேற எவளோ பாடி இவ வாயசைக்கிற கதையெல்லாம் அவகிட்ட கிடையாது" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பார். நான் மாணவனாக இருந்த காலம் வரைக்கும் இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. எப்படிப் புரிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் தேசிங்கு கதை. நமக்கெல்லாம் தெரிந்ததுதான், ஆனால் புதிய மாணவர்களுக்காகச் சுருக்கமாக. எட்டு வருஷ முற்றுகைக்குப் பிறகு 1698-ல் மொகலாயப் படை மராட்டியர்களிடமிருந்து செஞ்சியைப் பிடித்தது. 1700-ல் பந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங் கோட்டைத் தலைவராக வந்தார். 1714-ல் அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங் பட்டத்துக்கு வந்தார். நம் ஜனங்கள் வாயில் தேஜ் சிங் தேசிங்கு ஆனார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பம் பாக்கி கேட்க, தேசிங்கு மறுக்க, அந்த வருஷம் அக்டோபர் 3-ம் தேதி சண்டை. நவாப்பின் பெரும் படைக்கு எதிரே தேசிங்கிடம் இருந்தது சில நூறு குதிரைகள்தான். தேசிங்கும் அவருடைய உயிர் நண்பர் மகபத் கானும் மாண்டார்கள். தேசிங்குக்கு அப்போது வயது 22. அவருடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். அந்தப் பெண்ணின் நினைவாக நவாப் அமைத்த ஊர்தான் ராணிப்பேட்டை என்பார்கள். பஸ்ஸில் ராணிப்பேட்டையைத் தாண்டிப் போகும் எத்தனை பேருக்கு அது நம் ஊர் ராணியின் பெயரில் இருக்கிற ஊர் என்று தெரியும்?

கவனித்தீர்களா, இந்தக் கதையில் தேசிங்குக்குப் பேச்சு உண்டு, நவாப்புக்கு உண்டு, குதிரைக்குக்கூட ஒரு பெருமை உண்டு. ராணிக்குத் தீ மட்டும்தான். நம் பக்கத்தில் தெருக்கூத்திலும் பெண் வேஷம் கட்டியது ஆண்கள்தான். ஆக ராணி எப்போதாவது பேசியிருந்தாலும் பாடியிருந்தாலும் அது ஓர் ஆணின் தொண்டையிலிருந்துதான் வந்திருக்கும். லேனா செட்டியாரின் கிருஷ்ணா பிக்சர்ஸ் எடுத்து டி.ஆர். ரகுநாத் இயக்கிய 'ராஜா தேசிங்கு'வில் எம்.ஜி.ஆருக்கும் பத்மினிக்கும் பின்னணிப் பாடகர்கள் பாடினார்கள். ராணியாக வந்த பானுமதி தானே பாடினார். படம் 'அலிபாபா' அளவுக்கு ஓடவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் பாட்டி மாதிரி ஆட்களுக்கு ராணியின் குரல் அன்றைக்குத்தான் கேட்டது.

இனி பானுமதி. ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் தொட்டவரம் என்ற கிராமம். 1925 செப்டம்பர் 7-ல் பிறந்தார். அப்பா பொம்மராஜு வெங்கடசுப்பையா சங்கீதப் பித்து உள்ளவர். மகளுக்கு முதல் பாட்டு வாத்தியாரும் அவர்தான். 1939-ல் சி. புல்லய்யா 'வர விக்ரயம்' என்ற தெலுங்குப் படத்தில் அவரை நடிக்க வைத்தார். வரதட்சணைக் கொடுமையைப் பற்றிய நாடகத்தைப் படமாக்கியது அது. பெண்ணுக்கு வயசு பதினாலுகூட ஆகவில்லை. எந்தக் கதாநாயகனும் என் மகளைத் தொட்டு நடிக்கக்கூடாது என்று அப்பா நிபந்தனை போட்டாராம். இன்றைய பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் 'என் நிபந்தனையில்தான் நடிப்பேன்' என்கிற பழக்கம் அந்த வீட்டில் அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பிற்பாடு நிபந்தனைகளை மகளே போட்டுக்கொண்டார்.

1943-ல் 'கிருஷ்ண பிரேமா' படப்பிடிப்பில் உதவி இயக்குநராக இருந்த பி.எஸ். ராமகிருஷ்ண ராவைக் காதலித்து அந்த ஆண்டே மணந்தார். கல்யாணத்தோடு சினிமாவுக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் குடும்பம் நடத்தத்தான் எண்ணம். பி.என். ரெட்டி விடவில்லை. 1945-ல் 'சுவர்க்க சீமா' வந்தது. அதில் பானுமதி பாடிய புறாப் பாட்டு தெலுங்கு நாட்டையே ஆட்டிவைத்தது. அந்த மெட்டுக்கு விதை 'பிளட் அண்ட் சாண்ட்' என்கிற ஹாலிவுட் படத்தில் கேட்ட ஒரு ஸ்பானிஷ் பாணி முனகல். கர்நாடக சங்கீதத்தில் ஊறிய ஓங்கோல் பக்கத்துப் பெண், மாடு பிடிக்கிற ஸ்பெயின்காரர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து அதைத் தெலுங்கில் கொக்கிப் போட்டு இழுக்கிறார் என்றால் அது எவ்வளவு பெரிய துணிச்சல்! அந்தக் காலத்தில் யாரும் இதற்குப் 'பரிசோதனை இசை' என்று பெயர் வைக்கவில்லை. இன்றைக்கு வைப்பார்கள்.

தமிழுக்கு வந்தது 1948-ல், 'ராஜமுக்தி'. தியாகராஜ பாகவதர் சிறையிலிருந்து வந்த பிறகு எடுத்த படம். படம் தோல்விதான். ஆனால் அந்தப் படத்தில்தான் எம்.எல். வசந்தகுமாரி பின்னணி பாட வந்தார், கதாநாயகி வி.என். ஜானகிக்காக. ஒரே படத்தில் ஒரு நடிகைக்கு இன்னொருவர் குரல். பானுமதிக்கு அவருடைய குரலே. தமிழ் சினிமா எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

இங்கே கொஞ்சம் இன்ஜினியர் பேச்சு. மன்னியுங்கள். பேசும் படம் வந்த புதிதில் காமிராவும் மைக்கும் ஒரே நேரத்தில் ஓடும். நடிகர் பாடிக்கொண்டே நடிக்க, வாத்தியக்காரர்கள் காமிரா கண்ணில் படாமல் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பார்கள். ஆகவே பாடத் தெரிந்தால்தான் நடிகர். 1938-ல் ஏ.வி.எம்.மின் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாட்டு தமிழுக்கு வந்தது. பாட்டை முன்னாலேயே ஒலிப்பதிவு செய்து, செட்டில் லவுட்ஸ்பீக்கரில் ஓடவிட்டு, நடிகர் வாயசைத்தால் போதும். உடம்பு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. இது ஒரு நல்ல தொழில்நுட்பம், சந்தேகமே இல்லை. இது இல்லாவிட்டால் பி. லீலா, ஜிக்கி, பி. சுசீலாவெல்லாம் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள். பானுமதியும் செட்டில் வாயசைத்துத்தான் நடித்தார். ஆனால் ஓடிய ஒலிப்பதிவு அவருடையது. ஐம்பதுகளின் நடுவில் தமிழில் பெரிய கதாநாயகிகள் கிட்டத்தட்ட எல்லாருமே இரவல் குரலுக்கு மாறிவிட்ட பிறகும் இவர் மட்டும் மாறவில்லை.

அவர் பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 'அபூர்வ சகோதரர்கள்' (1949) மிட்டாய் விற்கிற பாட்டு, 'அம்பிகாபதி' (1957) காதல் பாட்டு, 'அன்னை' (1962) தாலாட்டும் ஏக்கமும். சுசீலாவின் குரல்போல அது வழவழப்பான குரல் இல்லை. மூக்கோரம் ஒரு கீறல் இருக்கும். வார்த்தையை முடிக்கிற இடத்தில் ஒரு அலட்சியம் இருக்கும். யாருக்கும் அதைப் பொருத்த முடியாது. அந்த முகத்துக்கு மட்டும்தான் பொருந்தும். நடிக்கிறவரும் பாடுகிறவரும் ஒரே ஆளாக இருப்பதன் லாபம் இதுதான். சிரிப்புக்கும் சுரத்துக்கும் நடுவில் தையல் தெரியாது.

1953-ல் அவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. 'சண்டிராணி'. மகன் பரணி பெயரில் கணவரோடு நடத்திய சொந்தக் கம்பெனிக்குத் தானே இயக்குநர். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் ஒரே சமயத்தில் எடுத்து ஒரே சமயத்தில் வெளியிட்டார்கள். டப்பிங் இல்லை, ஒவ்வொரு காட்சியையும் மூன்று மொழியில் தனித்தனியாக எடுக்க வேண்டும். அதில் அவருக்கு இரட்டை வேடம் வேறு. இரண்டு வேடம், மூன்று மொழி, ஆக ஆறு பேராக நடித்துக்கொண்டு, காமிராவுக்குப் பின்னாலும் நின்றிருக்கிறார். நடுவில் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் காலமாகிவிட, விஸ்வநாதன் - ராமமூர்த்தி மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தார்கள். இன்றைக்கு நம்மில் எத்தனையோ பேர் புராஜெக்ட் மேனேஜர்களாக இருக்கிறோம். இப்படி ஒரு அட்டவணையை எக்செல்லில் போட்டுப் பார்த்தாலே காய்ச்சல் வரும். அவருக்கு அப்போது 28 வயதுகூட நிறையவில்லை. தமிழில் 1936-லேயே டி.பி. ராஜலட்சுமி 'மிஸ் கமலா' இயக்கியிருக்கிறார், அந்தப் பெருமை அவருக்குத்தான். ஆனால் மூன்று மொழியில் ஒரே மூச்சில் எடுத்த பெண் இயக்குநர் என்றால் எனக்குத் தெரிந்து பானுமதிதான்.

இப்படிப்பட்டவரோடு வேலை செய்வது சுலபமாக இருந்திருக்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும். 'மிஸ்ஸியம்மா' (1955) முதலில் பானுமதியை வைத்து ஆரம்பித்த படம். சில ஆயிரம் அடி எடுத்துமாயிற்று. ஒருநாள் வரலட்சுமி நோன்பை முடித்துவிட்டுத் தாமதமாக வந்தார், தயாரிப்பாளர் சக்கரபாணி விளக்கம் கேட்டார், இவர் வணங்கவில்லை. படத்திலிருந்து விலகல். அந்த வேஷம் சாவித்திரிக்குப் போய், லீலாவின் குரலில் பாடி, சாவித்திரி எங்கேயோ போய்விட்டார். உண்மையைச் சொன்னால் சாவித்திரி இல்லாத 'மிஸ்ஸியம்மா'வை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சினிமாவுக்கு லாபம், பானுமதிக்கு நஷ்டம்.

'நாடோடி மன்னன்' (1958) இன்னொன்று. எம்.ஜி.ஆரின் முதல் இயக்கம். காட்சிகளைத் திரும்பத் திரும்ப எடுத்ததில் மனக்கசப்பு என்று சொல்வார்கள். அதன் பலனாக அவருடைய பாத்திரம் பாதிப் படத்திலேயே செத்துப்போனது. பின்பாதிக்கு சரோஜாதேவி. அந்தக் காலத்தில் எம்.ஜி.ஆரிடம் முகத்துக்கு நேரே பேசிய நடிகை என்று விரல் விட்டு எண்ணினால் ஒரு விரலோடு நின்றுவிடும். ஆச்சரியம் என்னவென்றால் அதோடு உறவு முறியவில்லை. 'ராஜா தேசிங்கு' அதற்குப் பிறகு வந்ததுதான். 1963-ல் 'கலை அரசி', 'காஞ்சித் தலைவன்' இரண்டிலும் சேர்ந்து நடித்தார்கள்.

'கலை அரசி'யைப் பற்றி இன்ஜினியரிங் படித்தவன் எழுதாமல் இருக்கமுடியாது. காகரின் விண்வெளிக்குப் போய் இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, சந்திரனில் மனிதன் கால் வைக்க இன்னும் ஆறு வருஷம். அப்போது தமிழில் பறக்கும் தட்டு. வேற்றுக் கிரகத்தில் விஞ்ஞானம் இருக்கிறது, சங்கீதம் இல்லை. ஆகவே பூமிக்கு வந்து ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், தங்கள் ஜனங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க. அந்தப் பாடகி பானுமதி. வேறு யாரைப் போட்டிருந்தாலும் கதை நொண்டியடித்திருக்கும். வாயசைக்கிற நடிகையைத் தூக்கிப் போயிருந்தால் அந்தக் கிரகத்துக்காரர்கள் ஏமாந்துதானே போயிருப்பார்கள்! இந்த வேடிக்கை எடுத்தவர்களுக்குத் தோன்றியதோ என்னவோ, எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

நடிப்பில் அவர் உச்சம் எது என்று கேட்டால் நான் 'ரங்கோன் ராதா' (1956) என்பேன். அண்ணாவின் கதை. சொத்துக்காகக் கணவனே மனைவிக்குப் பைத்தியப் பட்டம் கட்டுகிறான். கணவன் சிவாஜி. நல்ல புத்தியோடு இருக்கிற ஒரு பெண்ணை வீடே சேர்ந்து 'உனக்குப் புத்தி சரியில்லை' என்று சொன்னால் அவள் முகம் எப்படி இருக்கும் என்பதை அந்தப் படத்தில் பார்க்கவேண்டும். 'நடிப்புக்கு இலக்கணம்' என்று அவருக்குப் பட்டம் கொடுத்தவர் அண்ணாவேதான்.

மிச்சத்தைச் சுருக்கிவிடுகிறேன். 1966-ல் பத்மஸ்ரீ, பிறகு பத்மபூஷண். தெலுங்கில் எழுதிய மாமியார் கதைகளுக்கு ஆந்திர சாகித்ய அகாடமி பரிசு. சுயசரிதைக்குத் தேசிய விருது. 1980-களில் சென்னை அரசு இசைக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். 1992-ல் 'செம்பருத்தி'யில் பாட்டியாக வந்தபோதும் இளையராஜா இசையில் சொந்தக் குரலில் பாடினார். அப்போது வயது 66. 2005 டிசம்பர் 24-ம் தேதி சென்னையில் காலமானார்.

இப்போது நான் சொல்கிறேன் என்றேனே, அந்த விஷயம். என் வகுப்புத் தோழர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டாம் வருஷம், ஆண்டு விழாவில் தேசிங்கு நாடகம் போட்டோம். ராணி வேஷத்துக்கு வந்த தோழிக்கு நன்றாகப் பாட வரும். ராணிக்கு ஒரே ஒரு பாட்டு, போருக்குப் போகும் தேசிங்கை வழியனுப்புகிற பாட்டு. அதை அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டு, ஒரு வாரம் ஒத்திகையும் பார்த்திருந்தார். ஒலிபெருக்கிப் பொறுப்பு என்னிடம். மைக் ஒன்று கொரகொர என்றது. எனக்கு பயம். மாற்று மைக்குக்கு அலைய சோம்பேறித்தனமும்தான், ஒளிப்பானேன். "எதுக்கு ரிஸ்க்? ஏதாவது சினிமா பாட்டு போட்டுடறேன், நீ வாயசைச்சா போதும்" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "சரி" என்றார்.

நாடகம் நன்றாகவே நடந்தது. கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இருந்த இரண்டு வருஷமும் அந்தத் தோழி நம் மேடை எதிலும் பாடவில்லை. நான் ஏன் என்று கேட்கவும் இல்லை. விடுமுறையில் வீட்டுக்குப் போய் இதை ஒரு சாமர்த்தியம் மாதிரி பாட்டியிடம் சொன்னேன். பாட்டி வெற்றிலையை மடிப்பதை நிறுத்திவிட்டு, "அந்தப் பொண்ணுக்குப் பாட வரும்னு சொல்ற, அப்புறம் எதுக்குடா அவ வாயை அடைச்ச?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் பானுமதி படங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன்.

இந்த மலர் அந்தத் தோழியின் கைக்கும் போகும். சந்திப்புக்கு வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மாலை நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கி ஏற்பாடு இந்த முறையும் என் பொறுப்புதான். நல்ல மைக் மூன்று ஏற்பாடு செய்திருக்கிறேன், ஒன்று போனால் இன்னொன்று. பென் டிரைவ் எதுவும் கொண்டுவரவில்லை. அந்தப் பாட்டு அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கவேண்டும்.